பதினாறாம் நூற்றாண்டைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நூல் எழுதிய கோப்பர்நிக்கஸை உயிரோடு எரித்தார்கள் என்று மேடையில் ஒருவர் முழங்கினால் கைதட்டல் நிச்சயம். அவரோ 1543 மே மாதம், எழுபது வயதில், பக்கவாதத்தில் விழுந்து படுக்கையிலேயே இறந்தவர். எரிக்கப்பட்டவர் இத்தாலியத் தத்துவவாதி ஜோர்டானோ புரூனோ. அது நடந்தது 1600 பிப்ரவரியில், ரோமில். பூமி நகர்கிறது என்ற கருத்தை மண்டியிட்டுக் கைவிட வைக்கப்பட்டவர் கலிலியோ. அது 1633, அடுத்த நூற்றாண்டின் கதை. மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிடுவதுதான் இந்தக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் செய்யும் தவறு.

கோப்பர்நிக்கஸ் திருச்சபைக்கு வெளியே நின்று கலகம் செய்தவரும் அல்லர். போலந்தின் பிராம்போர்க் பேராலயத்தில் பொறுப்பு வகித்தவர். நூலை வெளியிடச் சொல்லி 1536இல் ரோமிலிருந்து கடிதம் எழுதியவர் ஷோன்பெர்க் என்ற கர்தினால். அந்தக் கடிதம் நூலின் முகப்பிலேயே அச்சாகியிருக்கிறது. நூல் காணிக்கையாக்கப்பட்டதோ போப் மூன்றாம் பவுலுக்கு. கிழவரை நச்சரித்துக் கையெழுத்துப்படியை வாங்கிய ரெட்டிகஸ், ரோமை எதிர்த்துச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தரின் ஊரான விட்டன்பெர்க்கிலிருந்து வந்த இளம் கணித ஆசிரியர். ‘இதெல்லாம் கணக்குப் போட உதவும் அனுமானம் மட்டுமே’ என்ற பொருளில் பெயர் போடாத ஒரு முன்னுரையை உள்ளே செருகிய ஒசியாண்டரும் லூத்தரன் போதகர்தான். ரோம் இந்த நூலை நிறுத்திவைத்தது 1616இல், அதாவது 73 ஆண்டுகள் கழித்து. அதுவும் ‘திருத்தப்படும் வரை’ என்ற நிபந்தனையோடு.

எதிர்த்தவர்கள் எல்லாரும் வேதத்தைக் காட்டி மட்டும் எதிர்த்தார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. அந்த நூற்றாண்டின் மிகத் துல்லியமான வானியல் அளவீடுகளை எடுத்த டைக்கோ பிராகே, பூமி நகர்வதை ஏற்கவில்லை. வேத வசனங்களையும் அவர் காரணம் காட்டினார். ஆனால் அளவீட்டுக் காரணமும் கையில் வைத்திருந்தார். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்களின் இடம் சற்றே மாறித் தெரிய வேண்டும். அவருடைய கருவிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. அன்று கிடைத்த சான்றை வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

எரிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் என் ஆலோசனை ஒன்றுதான்: குற்றப்பத்திரிகையைப் பாருங்கள். புரூனோ மீதான குற்றச்சாட்டுகளில் எண்ணற்ற உலகங்கள் என்ற கருத்து இருந்தது உண்மை. கூடவே திரித்துவம் (கடவுள் ஒருவரே, மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கொள்கை), கிறிஸ்துவின் தெய்வீகம், நற்கருணை பற்றிய மறுப்புகளும் இருந்தன. ஸ்பானிய மருத்துவர் மிகையேல் செர்வெட்டஸ் கதை இன்னும் சிக்கலானது. இதயத்திலிருந்து ரத்தம் நுரையீரல் வழியாகச் சென்று திரும்புகிறது என்பதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் சொன்னவர் அவர். 1553இல் ஜெனீவாவில் அவரை எரித்ததற்குக் காரணம் ரத்த ஓட்டம் அல்ல. திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்ததுதான். எரித்தது, லூத்தரைப் போலவே ரோமிலிருந்து பிரிந்த கால்வினின் சீர்திருத்த நகரம். அதற்குச் சில மாதங்கள் முன்பே பிரான்சின் கத்தோலிக்கர்களும் அவருடைய உருவ பொம்மையை எரித்திருந்தார்கள். அந்த ரத்த ஓட்ட விளக்கம் இருப்பதோ ஓர் இறையியல் நூலுக்குள். ஆவி உடலுக்குள் எப்படி நுழைகிறது என்று தேடிப்போனவர் நுரையீரலுக்கு வந்து சேர்ந்தார்.

பிணத்தை அறுப்பதைத் திருச்சபை தடை செய்திருந்தது, உடற்கூறியல் ஆசிரியர் வெசாலியஸ் திருட்டுத்தனமாக அறுத்தார் என்பது அடுத்த புளுகு. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பிண அறுவைப் பாடம் நடந்தது. தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்கள் அதற்குக் கிடைத்தன. வெசாலியஸின் புதுமை, தன் கையாலேயே அறுத்ததும், கண்டதைத் தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு மரக்கட்டைச் செதுக்குப் படங்களாக்கியதும். அந்தக் கட்டைகள் வெனிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பாசெல் நகர அச்சகத்துக்குப் போய், 1543இல் நூலாயின. அதில் ஓர் எலும்புக்கூடு, கல்லறை மேல் கை ஊன்றி ஒரு மண்டையோட்டைப் பார்த்து யோசனையில் நிற்கிறது. அலங்காரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எலும்புகளின் பாடமும் மரணத்தை நினை என்ற சமயப் போதனையும் ஒரே படத்தில் இருக்கின்றன.

படங்களை நம்புவதிலும் கவனம் தேவை. ‘மறுமலர்ச்சி ஓவியர்கள் இயற்கையைக் கண்டபடியே வரைந்தார்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஜெர்மன் ஓவியர் டூரரின் 1515ஆம் ஆண்டுக் காண்டாமிருகத்தைப் போடுகிறவர்கள் உண்டு. டூரர் அந்த விலங்கைப் பார்த்ததே இல்லை. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த அது லிஸ்பனில் இறங்கியது. நியூரம்பர்க்கில் இருந்த டூரருக்குக் கிடைத்தது ஒரு வர்ணனையும் ஒரு கிறுக்கல் படமும். போர்க்கவசம் மாட்டியது போன்ற உடல், தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு என்று அவர் கற்பனை ஓடியது. அதே ஆண்டு ஆக்ஸ்பர்க்கில் ஹான்ஸ் புர்க்மையர் செதுக்கிய படம் விலங்கின் உண்மைத் தோற்றத்துக்கு நெருக்கமானது. அவரும் நேரில் பார்த்தவர் அல்லர். அதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. டூரருடையதைத்தான் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பாடநூல்கள் திரும்பத் திரும்ப நகலெடுத்தன.

கத்தோலிக்கம் அறிவியலுக்கு எதிரி, சீர்திருத்தம் நண்பன் என்ற பிரிப்புக்கு நாள்காட்டியே பதில். ஈஸ்டர் பருவத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, வானியல் கணக்குப்படி 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்தவர் போப். சீர்திருத்த நாடான இங்கிலாந்து அதை ஏற்க 1752 ஆனது.

கோவா நமக்குப் பக்கத்துக் கதை. கார்சியா டா ஓர்டா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் இந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி எழுதிய உரையாடல் நூல் 1563இல் அங்கேயே அச்சானது. நூலுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1580இல், மத விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது. குற்றம், ரகசியமாக யூதராக வாழ்ந்தது. இதையும் ‘அறிவியலுக்குத் தண்டனை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் பெருமையோடு செய்வது: 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’தான் இந்தியாவின் முதல் அச்சு நூல் என்பது. கோவாவுக்கு அச்சு இயந்திரம் 1556லேயே வந்துவிட்டது. ஓர்டாவின் நூலே பதினைந்து ஆண்டு மூத்தது. என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் அந்தப் பதினாறு பக்கங்களுக்கு உரிய பெருமை வேறு: இந்திய மண்ணில் ஓர் இந்திய மொழியின் எழுத்திலேயே அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அது.