எழிலியா, எழினியா? பிரித்தறியும் வழி

எழிலி என்றால் மேகம். எழினி என்றால் திரைச்சீலை. இரண்டையும் ‘எழு’ என்ற வினையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்: மேலே எழுவது மேகம், எழுப்பிக் கட்டுவது திரை. எழிலியைப் பார்த்ததும் ‘எழில்’, அதாவது அழகு, என்று பொருள் கொள்வதுதான் அடிக்கடி நேரும் பிழை.

முதலில் புணர்ச்சியைப் பிரியுங்கள். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்ற 17ஆம் குறளில் இருப்பது தடிந்து + எழிலி. கடல்நீரைக் குறைத்தெடுத்த மேகம் அதைத் திரும்பப் பொழியாவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்கிறது குறள். கணினியில் தேடும்போதும் இதே சிக்கல்தான். முன்சொல்லோடு சேர்ந்தால் ‘எ’ மறைந்து ‘தெ’, ‘வெ’ என்று ஆகிவிடும். அதனால் ‘ழிலி’, ‘ழினி’ என்று மட்டும் இட்டுத் தேடுங்கள்.

அடுத்து, பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். கடல், மின்னல், பெயல் (மழை) வந்தால் எழிலி. கயிறு, தூண், அரங்கு, படுக்கை வந்தால் எழினி. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசன் தங்கும் இடம் ‘திண்ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி’. திண்ஞாண் என்பது வலுவான கயிறு. வாங்குதல் இங்கே இழுத்தல். காசு கொடுத்து வாங்குவதல்ல. கயிற்றை இழுத்துத் திரை கட்டி ஓரிடத்தை இரண்டு அறையாக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு ‘ஞாண்’ போதும், சொல் எழினிதான் என்று உறுதிசெய்ய.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மூன்று எழினி உண்டு: ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலே மறைவாகக் கட்டும் கரந்துவரல் எழினி. உரைகள் இவற்றைத் ‘திரை’ என்றே சொல்லும். அலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழினி ஆள்பெயராகவும் வரும். புறநானூறு 158இல் ‘கொடும்பூண் எழினியும்’ என்பவர் வள்ளல்களில் ஒருவர். பூணும் (அணிகலன்) வேலும் கூட வந்தால் அது திரையாகாது.

தட்டச்சில் ல, ன மாறியிருக்குமோ என்ற ஐயம் வந்தால் யாப்பை, அதாவது செய்யுளின் ஓசை அமைப்பை, நம்பாதீர்கள். இரண்டு சொல்லுமே நிரை நேர் அசைகளால் ஆன புளிமாச் சீர்தான். எதுகைக்குரிய இரண்டாம் எழுத்தும் ‘ழி’தான். அச்சுப் பதிப்பில் மூலத்தையும் அதன் கீழுள்ள உரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.