மாசசூசெட்ஸ் புரோபேட் கோர்ட்: தேதியில் கோட்டை விடாதீர்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விவாகரத்து, பிள்ளை யாரிடம் வளர்வது, தத்து, உயில், இறந்தவர் விட்டுப்போன சொத்து எல்லாவற்றுக்கும் ஒரே கோர்ட்தான். 'புரோபேட் அண்ட் ஃபேமிலி கோர்ட்' என்று பெயர். உயிலை கோர்ட் சரிபார்த்து ஏற்பதைத்தான் புரோபேட் என்கிறார்கள். நம் ஊர் மாவட்டம் போன்ற 14 கவுன்டிகளுக்கும் தலா ஒன்று உண்டு. இறந்தவர் குடியிருந்த கவுன்டியில்தான் உயிலைத் தாக்கல் செய்ய வேண்டும். மகன் வீட்டுக்குப் பக்கத்து கோர்ட் வசதியாக இருக்கிறதே என்று அங்கே போவது முதல் தவறு.

அடுத்தது பவர் பத்திரம். "அப்பா எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார், பேங்க் வேலையை நானே முடித்துவிடுவேன்" என்பார்கள். அவர் உயிர் போன நிமிடமே அந்தப் பவரும் போய்விடும். பிறகு அவர் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கைத் தொட, கோர்ட் நியமித்த பிரதிநிதியாக இருக்க வேண்டும்.

உயிலை பீரோவில் பூட்டி வைப்பதும் வேண்டாம். இறந்த செய்தி தெரிந்த 30 நாளுக்குள் அசலை கோர்ட்டிலோ, உயிலை நிறைவேற்றச் சொல்லி அதில் குறிப்பிட்டிருப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். பொதுவாக, இறந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் புரோபேட் வழக்கையும் தொடங்கியாக வேண்டும். கைப்பட எழுதினால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், நம் ஊரில் போலவே.

விவாகரத்தில்தான் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் ஒத்துப்போய் மனு கொடுத்தால், நீதிபதி ஒப்பந்தத்தை ஏற்ற 30 நாள் கழித்துத் தீர்ப்பு பதிவாகும். அப்போதும் அது இடைக்காலத் தீர்ப்புதான், 'நைசை' என்பார்கள். இன்னும் 90 நாள் போனால்தான் முழுமையாகும். ஆக மொத்தம் 120 நாள். அதற்குள் மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்.

விவாகரத்து வழக்கில் சொத்துக் கணக்கு கொடுக்கும்போது ஊரில் இருக்கிற பூர்விக நிலத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. "அது இந்தியாவில்தானே இருக்கு" என்கிற சமாதானம் எடுபடாது. சொத்து எங்கே இருந்தாலும் காட்ட வேண்டும். பரம்பரையாக வந்ததையும் பங்கீட்டில் சேர்க்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குக் கீழே என்றால் சின்னப் படிவம், இல்லையென்றால் பெரியது. பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று ஒப்புக்கொண்டுதான் இரண்டிலும் கையெழுத்திட வேண்டும்.

விவாகரத்து முடிந்ததும், கம்பெனி மூலம் ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் 401(கே) கணக்கில் நாமினி பெயரை மாற்ற மறந்துவிடுவார்கள். மாநிலச் சட்டம் உயிலிலிருந்து முன்னாள் துணையைத் தானே நீக்கிவிடும். ஆனால் கம்பெனி ஓய்வூதியக் கணக்கு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம்.

அப்புறம், அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய வீடு. ஒருவர் விற்கலாம் என்கிறார், மற்றவர் மறுக்கிறார். பாகப்பிரிவினை மனுவை இந்த கோர்ட்டிலும் போடலாம், நிலத்துக்கென்று இருக்கிற லேண்ட் கோர்ட்டிலும் போடலாம். ஆனால் அதற்குமுன் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கோர்ட் ஒரு கமிஷனரை வைத்து விற்றால், அவர் கட்டணமும் விற்ற பணத்திலிருந்துதான் கழியும்.