எத்தனை பேர் போதும்? ஏ/பி சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம், எது ஜெயிக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம்.” ஒரு பக்கத்தின் இரண்டு வடிவங்களை இரண்டு பிரிவு ஆட்களுக்குக் காட்டி, எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் ஏ/பி சோதனை. இணையதள ஏ/பி சோதனைகள் பலவும் இந்த வரியிலேயே கெட்டுப்போகின்றன. எத்தனை நாள் ஓட்டுவது என்பதை, எத்தனை பேர் தேவை என்ற கணக்குதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைச் சோதனை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கணக்குக்கு நான்கு எண்கள் வேண்டும்: இப்போதைய கன்வெர்ஷன் விகிதம் (வருபவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்குகிறார்கள் என்பது), கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய வித்தியாசம், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நம்பிவிடும் அபாயம் (வழக்கமாக 5%), இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் திறன் (வழக்கமாக 80%). பலர் சறுக்குவது இரண்டாவதில். நூறு பேர் வந்தால் 3 பேர் வாங்கும் தளம் என்று வையுங்கள். அது 3.6% ஆகிறதா என்று அறிய ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் 14,000 பேர் வேண்டும். 3.3% ஆகிறதா என்று அறிய சுமார் 53,000 பேர். தேடும் வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் இந்த எண்ணை ஆசையிலிருந்து எடுக்காதீர்கள். எவ்வளவு உயர்ந்தால் இந்த மாற்றத்தைச் செய்வது லாபம் என்று கேட்டு, அந்தப் பதிலிலிருந்து எடுங்கள்.

இங்கேயே இன்னொரு குழியும் இருக்கிறது. “10% உயர்வு” என்றால் 3 என்பது 3.3 ஆவதா, 13 ஆவதா? கால்குலேட்டர் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டால், பிரிவுக்கு 110 பேர் சொச்சம் போதும் என்று சொல்லிவிடும். 53,000 எங்கே, 110 எங்கே! கையாலேயே சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு: 16 × விகிதம் × (1 − விகிதம்) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். நம் எடுத்துக்காட்டில் 16 × 0.03 × 0.97 ÷ 0.000009, அதாவது சுமார் 52,000. இது ஒரு பிரிவுக்கான எண். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து இதைப்போல் இரு மடங்கு. இதை மறந்து பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு.

சரி, கணக்கு சரியாகப் போட்டாயிற்று. அப்புறமும் அதை வீணாக்க ஒரு வழி இருக்கிறது: தினமும் டேஷ்போர்டைத் திறந்து பார்த்து, வித்தியாசம் உறுதி என்று காட்டிய அன்றே நிறுத்துவது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களைச் சீரான இடைவெளியில் 5 முறை எட்டிப் பார்த்தால், 5% என்று நினைத்த அபாயம் 14% ஆகிவிடுகிறது. 10 முறை பார்த்தால் 19%. இடையில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே உள்ள தொடர் சோதனை முறைகளை முதலிலேயே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் நிறுத்தலாம் என்பதற்கு, புள்ளியியலாளர்களான போகாக் 1977இலும், ஓ’பிரையனும் ஃபிளெமிங்கும் 1979இலும் மருத்துவ ஆய்வுகளுக்காகத் தந்த எல்லைகள் இங்கேயும் பொருந்தும்.

முழு வாரங்களாக ஓட்டுங்கள். வார நாளில் வருபவரும் விடுமுறையில் வருபவரும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. எண்ணுவது ஆட்களை, வருகைகளை அல்ல. ஒரே நேரத்தில் நான்கு வடிவங்களைச் சோதித்தால் தேவை இன்னும் ஏறும்.

உங்கள் தளத்துக்கு அவ்வளவு பேர் வரவே மாட்டார்கள் என்றால்? பட்டன் நிறத்தை விட்டுவிட்டு, பக்கத்தையே மாற்றும் பெரிய மாற்றத்தைச் சோதியுங்கள். அல்லது வாங்கியவர்களுக்குப் பதில், கூடையில் போட்டவர்களை எண்ணுங்கள். அந்த விகிதம் அதிகம் என்பதால், அதே மடங்கு உயர்வைப் பிடிக்கக் குறைந்த ஆட்களே போதும். எதுவும் ஒத்துவராவிட்டால் சோதனையே வேண்டாம். சில நூறு பேரை வைத்துப் பார்த்துவிட்டு “வித்தியாசம் இல்லை” என்று எழுதி வைத்தால், ஒருவேளை நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய யோசனையை அடுத்து யாரும் தொடவே மாட்டார்கள்.