பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி? ஆப்பிரிக்கச் சமவெளி வேட்டையில் பெற்றோர் செய்யும் தவறுகள்

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடு, ஜெம்ஸ்பாக், இம்பாலா போன்ற சமவெளி விலங்குகளை உரிமத்தோடு வேட்டையாடலாம். அங்கே பிள்ளையையும் அழைத்துச் செல்லும் பெற்றோர் எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு) என்பதிலேயே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையின் (தோளில் ஊன்றும் பின்பகுதி) நீளம், குண்டின் அமைப்பு, அது எங்கே பாய வேண்டும் என்பதெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகின்றன. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

சின்னப் பிள்ளைக்குச் சின்னத் தோட்டா போதும் என்று .243 வின்செஸ்டர் என்ற சிறு காலிபர் துப்பாக்கியை வாங்கிக் கொடுப்பது முதல் தவறு. அதன் வழக்கமான 100 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) குண்டு குழல் வாயை விட்டு வெளிவரும்போது ஏறத்தாழ 2640 ஜூல் ஆற்றல் கொண்டிருக்கும். குடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மான்களுக்கு நமீபியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 2700 ஜூல். ஸ்பிரிங்பாக் என்ற சிறு மானுக்கு 1350 ஜூலே போதும் என்பதால் அதற்கு இந்தத் துப்பாக்கி சரிவரும். ஆனால் முதல் நாளே ஒரு நல்ல ஜெம்ஸ்பாக் எதிரே வந்து நின்றால் பிள்ளை வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, அப்பா தன் சக்திவாய்ந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தையே பிள்ளையின் தோளில் வைப்பது. சம எடையுள்ள துப்பாக்கிகளை ஒப்பிட்டால் அதன் பின்னுதைப்பு, மிதமான காலிபரான 7 எம்எம்-08இன் உதைப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உதைப்புக்கு அஞ்சும் பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பயிற்சியின்போது நீங்களே தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள், இடையில் ஒருமுறை, பிள்ளைக்குத் தெரியாமல், வெடிக்காத பயிற்சித் தோட்டாவைப் போடுங்கள். விசையை இழுத்ததும் வெறும் சொடுக்குச் சத்தம்தான் கேட்கும். அந்தக் கணத்தில் குழல் முனை சட்டென்று கீழே சாய்ந்து, கண்ணும் இறுக மூடிக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. அந்தத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு, உதைப்பு மிகக் குறைந்த .22 கொண்டு மீண்டும் தொடங்குங்கள்.

என் தேர்வு 7 எம்எம்-08. 140 கிரெயின் குண்டோடு சுமார் 3300 ஜூல் தரும். உதைப்பும் பிள்ளை தாங்கும் அளவுதான். பழைய 7×57 மவுசரும் இதே வேலையைச் செய்யும். இந்தியாவில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பி துப்பாக்கி சுட்டதும் இதே தோட்டாவைத்தான். ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரர் 'கராமோஜோ' பெல் இந்தத் தோட்டாவை வைத்து நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்று சொல்லிச் சிறு காலிபருக்கு வாதாடுபவர்கள் உண்டு. அவர் பயன்படுத்தியது முழு உறை போட்ட, சிதையாத குண்டு என்பதையும், யானையின் மண்டையோட்டை அவர் அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தார் என்பதையும் அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கட்டையைப் பற்றி. பெரியவர்களுக்கான கட்டை விசையிலிருந்து பின்முனை வரை பொதுவாக பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நீளம். தலையை முன்னே நீட்டி ஸ்கோப்புக்குள் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எட்டிப் பார்க்கும். சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். இருவருக்கும் ஒரே துப்பாக்கி என்றால் பிள்ளையின் அளவுக்கே கட்டையை வையுங்கள். குட்டையான கட்டையோடு பெரியவர் சமாளித்துவிடுவார். உதைப்பைக் குறைக்கக் குழல் வாயில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைக் குழாய்) மாட்டினால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி அருகில் நிற்பவர் காதைத் துளைக்கும். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சைலென்சர் சட்டப்படி செல்லும். பல பண்ணைகளின் வாடகைத் துப்பாக்கிகளில் அதைக் காணலாம்.

இனி குண்டு. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து இறுகிய அதன் தோளில் பட்டதுமே குண்டுகள் சிதறின; உள்ளே போகவில்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான், நடுவே தடுப்புச் சுவர் கொண்ட பார்ட்டிஷன் குண்டு. இன்றும் அதே தவறு நடக்கிறது: தாளில் அழகாகக் கொத்தாக விழுகிறது என்று போட்டிக்கான மென்மையான குண்டை எடுத்துப்போய் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானின் தோள் எலும்பில் சுடுகிறார்கள். மிதமான காலிபருக்குக் கெட்டியான குண்டுதான் துணை: பார்ட்டிஷன், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், அல்லது பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டு. செம்புக் குண்டு எடையை இழக்காது என்பதால் ஒரு படி இலேசானதை எடுத்தாலும் ஆழமாகப் போகும், உதைப்பும் குறையும். ஆனால் அது இம்பாலாவைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். மந்தையிலிருந்து விலகி நிற்கும் வரை சுடக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடிபட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் வாங்குவதுதான் அங்கே வழக்கம்.

எங்கே சுடுவது என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் மான் வேட்டையாடிப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் குறிவைப்பார்கள். ஆப்பிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், தோள்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்காலையொட்டி மேலே ஏறி, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நில்லுங்கள், அதுதான் இடம். ஜெம்ஸ்பாக்கின் முதுகுத் திமில் ஏமாற்றும். திமிலையும் சேர்த்து உயரத்தைக் கணக்கிட்டால் குண்டு முதுகெலும்புக்கு மேலே போய்விடும். விலங்கு விழுந்து எழுந்து ஓடிவிடும். பயிற்சியை மேசையில் சாய்ந்து செய்யாமல் முக்காலிக் கம்புத் தாங்கியில் வைத்துச் செய்யுங்கள். களத்தில் கிடைப்பது அதுதான்.

காகித வேலை: தென்னாப்பிரிக்காவுக்குத் துப்பாக்கி கொண்டுவர 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், எனவே எல்லாம் பெற்றோர் பெயரில்தான். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள் வரை அனுமதி என்றாலும் விமானத்தில் பயணிக்கு 5 கிலோதான். சிறிய விலங்குக்கு ஒன்று, பெரிய விலங்குக்கு ஒன்று என இரு வகைக் குண்டுகளைச் சுமக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு இடத்தில் விழும், அவசரத்தில் எது உள்ளே இருக்கிறது என்று குழப்பும். முகாமில் இறங்கியதும் ஸ்கோப் நகர்ந்திருக்கிறதா என்று சுட்டுப் பார்க்கும்போது, துப்பாக்கி ஒன்றே ஆனாலும், அப்பா மட்டும் சுட்டுவிட்டு நிறுத்தாமல் பிள்ளையும் அதே தாங்கியில் வைத்துச் சுட வேண்டும்.