பிரிக்பீல்ட்ஸா, செந்தூலா? கோலாலம்பூரில் முதல் வீடு தேடுபவர்களுக்கு

வேலை உறுதியாகி விசா வந்ததும் ஊரிலிருந்து நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியா எது?" என்பதுதான். கோலாலம்பூரில் யாரிடம் கேட்டாலும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்ற இரண்டு பெயரும் வந்துவிடும். இரண்டிலும் கோயில் உண்டு, வாழையிலைச் சாப்பாடு உண்டு, கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: என் ஆபீஸ் எந்த ரயில் பாதையில் இருக்கிறது?

நான் திருச்சியிலிருந்து வந்து முதல் வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் இருந்தேன். அதன்பின் இன்றுவரை செந்தூல். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸின் பலம் கேஎல் சென்ட்ரல். பழைய ரயில்வே யார்டு இருந்த 72 ஏக்கர் நிலத்தில் எழுந்து 2001-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. கிளானா ஜெயா எல்ஆர்டி (நகருக்குள் ஓடும் இலகு ரயில்), கொமுட்டர் (புறநகர் ரயில்), விமான நிலைய ரயில் மூன்றும் ஒரே கூரையின் கீழ். மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் வணிக வளாகத்தைக் கடந்து நடக்க வேண்டும். காஜாங் எம்ஆர்டிக்கு (மெட்ரோ ரயில்) மூசியம் நெகாரா நிலையம் வரை நடைபாதை போட்டிருக்கிறார்கள். இரட்டைக் கோபுரத்துக்கு எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம். பங்சார் சவுத்தில் வேலை என்றால் கெரின்ச்சி நிலையத்துக்கு அதே பாதையில் எதிர்த்திசையில் ஏறினால் போதும். ஆபீஸ் எங்கே என்றே இன்னும் முடிவாகாதவர்களுக்கு, அல்லது வாரம் ஒரு கிளையன்ட் இடத்துக்கு அலைபவர்களுக்கு, இதைவிடத் தோதான இடம் ஊரில் இல்லை.

செந்தூல் அப்படி இல்லை. அங்கே 'செந்தூல்' என்ற பெயரோடு நான்கு நிலையங்கள் இருக்கின்றன, நான்கும் தனித்தனி இடத்தில். எல்ஆர்டிக்குச் செந்தூல், செந்தூல் தீமோர் என்று இரண்டு. கொமுட்டருக்கு இன்னொரு செந்தூல். புத்ராஜெயா எம்ஆர்டி பாதையில் 2023 மார்ச்சில் திறந்த செந்தூல் பாராட். முதல்முறை வீடு பார்க்க வந்தபோது இது எனக்குத் தெரியாது. கொமுட்டரில் வந்து இறங்கி, வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "அங்கிள், செந்தூல் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்" என்றேன்.

"எந்த செந்தூல் தம்பி?"

"செந்தூல்தான் அங்கிள்."

"அதான் எந்த செந்தூலுங்கிறேன். பக்கத்துல என்ன தெரியுது, சொல்லு."

மழை வலுக்கத் தொடங்கிவிட்டது, எதிரில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் அவரே மோட்டாரில் வந்து, ரெயின்கோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, தான் நனைந்தபடி ஏற்றிக்கொண்டு போனார். அந்த வீடு அமையவில்லை, வேறு கதை. ஆனால் வாடகை விளம்பரத்தில் 'செந்தூல் ஸ்டேஷன் அருகில்' என்று பார்த்தால் நான் இன்றும் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறேன்.

ஒவ்வொரு செந்தூலும் ஒவ்வொரு திசைக்கு உதவும். எல்ஆர்டி பிடித்தால் மஸ்ஜிட் ஜாமெக் வரை நேராகப் போகலாம். அங்கே இறங்கினால் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெரு, அங்கேயே பாதை மாறினால் இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி. கொமுட்டர் ஒரு பக்கம் பத்துமலைக்கும் மறுபக்கம் கேஎல் சென்ட்ரல், மிட் வேலிக்கும் போகும். ஆனால் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருந்தே கால் வலித்துவிடும். நேர அட்டவணை பார்க்காமல் அந்தப் பிளாட்பாரத்துக்குப் போகாதீர்கள். எம்ஆர்டிதான் ஆட்டத்தையே மாற்றியது. செந்தூல் பாராட்டில் ஏறினால் அம்பாங் பார்க், கேஎல்சிசி பகுதி, டிஆர்எக்ஸ் நிதி மையம் எல்லாம் வண்டி மாறாமல் வரும்.

ஐடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சைபர்ஜெயாவில் வேலை என்றால், அதே எம்ஆர்டி பாதையில் ஒரே வண்டியில் போய்விடலாம், ஆனால் நேரம் பிடிக்கும். ஒரு தூக்கம் போடலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து என்றால் விமான நிலையப் பாதையில் ஓடும் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் சுமார் இருபது நிமிடத்தில் கொண்டு சேர்க்கும், கட்டணம் கூடுதல். இரண்டிலும் இறங்கிய பிறகு ஆபீஸ் வாசல் வரை பஸ்ஸோ கிராப் டாக்சியோ வேண்டும். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்போது 'மை50' பாஸை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மாதம் ஐம்பது வெள்ளிக்கு ரயில், பஸ் எல்லாம் என்று உள்ளூர் நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். (வெள்ளி என்றால் ரிங்கிட். இங்கே பேச்சுத் தமிழில் பெரும்பாலும் வெள்ளிதான்.)

சரி, வாடகைக்கு வருவோம். அதற்கு முன் இந்த இடங்களின் கதை கொஞ்சம். இரண்டு பகுதியுமே ரயில்வேயால் உருவானவை. தண்டவாளம் போட்டவர்களும் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்களும் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்து கிளார்க்குகளும் குடியிருந்த இடங்கள். இன்று இரண்டிலும் அந்த ரயில்வே நிலம்தான் கொண்டோ எனும் புது அடுக்குமாடியாகவும் ஆபீஸ் கோபுரமாகவும் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளை 2010-களில் இடித்துவிட்டார்கள். 1904-இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தையொட்டி அடுக்குமாடி வரப்போகிறது என்று 2014-இல் செய்தி வந்ததும் ஊரே எதிர்த்து நின்றது. 2016-இல் ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறுபக்கம், 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா என்று துன் சம்பந்தன் சாலைக்கு வளைவும் வர்ணமும் வந்தன. பார்க்க அழகுதான். வண்டி ஓட்டிப் பாருங்கள், ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காரை மறந்துவிடுங்கள்.

செந்தூலில் மாற்றம் இரு பக்கமும் ஒரே மாதிரி நடக்கவில்லை. மேற்கே, தண்டவாளத்தை ஒட்டி, பெரிய பூங்காவும் அதற்குள் பழைய ரயில்வே கிடங்கை மாற்றி 2005-இல் திறந்த கலை அரங்கமும். சுற்றி உயர்ந்த கொண்டோக்கள், கேட், காவலர், நீச்சல் குளம். கிழக்கே சில புதிய கொண்டோக்களுக்கு நடுவே பழைய பிளாட்டுகள், சந்தை, காலையில் "அண்ணே, பசியாறியாச்சா?" என்று கேட்கும் ஒட்டுக்கடைகள் (சின்னச் சாப்பாட்டுக் கடைகள்). நடுவில் தண்டவாளம். புதிதாக வரும் நம்மவர்களில் பலர் கொண்டோவில் குடியேறி, கிராப்பில் போய் வந்து, செந்தூலையே பார்க்காமல் இரண்டு வருடம் கழித்துக் கிளம்பிவிடுகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட வாடகையைப் பேரமில்லாமல் கொடுப்பதால் பக்கத்து பிளாட்டின் வாடகையும் ஏறுகிறது என்று என் மாடி வீட்டு ஆன்ட்டி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். ஆகவே பேரம் பேசுங்கள். அக்கம்பக்கம் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

'செந்தூலா, அங்கே அடிதடி ஆச்சே' என்று சிலர் பயமுறுத்துவார்கள். பழைய பெயர் அது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எந்த வீட்டையும் பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸுக்கும் இது பொருந்தும், அங்கேயும் எல்லாச் சந்தும் ஒன்றல்ல.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், அரை மாதம் தண்ணீர், மின்சாரத்துக்கு டெபாசிட், அதோடு முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாதப் பணம். ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டிப் பதிந்த பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நுழையும் அன்றே சுவரில் உள்ள ஒவ்வொரு கறையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் அனுப்பவில்லை. முன்பிருந்தவர் உடைத்த ஒரு கழுவுதொட்டிக்காக என் டெபாசிட்டில் கணிசமாகப் போயிற்று.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுங்கள், ஊர் பிடிபடட்டும். அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, மழை கட்டும் நேரமாகப் பார்த்து, செந்தூலுக்கு வாருங்கள். பார்க்கப்போகும் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து பாருங்கள், குடையோடு.