சாயாத கோதுமை: வரிசைகளை (புது ரகத்துக்காக வளர்க்கும் வம்சாவளிகளை) தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் பயிர் எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். அடித்தண்டு மடங்கியிருந்தால் குறை தண்டில். தண்டு நேராக இருந்து செடி வேரோடு சரிந்திருந்தால் குறை வேர்ப்பிடிப்பில். செடியைக் குட்டையாக்கும் மரபணு மட்டும் வேர்ப்பிடிப்பைச் சரிசெய்யாது.

ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த ஆர்எச்டி-பி1பி (4பி குரோமோசோம்), ஆர்எச்டி-டி1பி (4டி) என்ற இரு குட்டை மரபணுக்களும் செடியை ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கு மசியாமல் ஆக்குகின்றன. இதை நாற்றிலேயே சோதிக்கலாம். 10 மில்லிகிராம் ஜிப்ரெல்லிக் அமிலத்தைச் சில சொட்டு எத்தனாலில் கரைத்து, பிறகு 1 லிட்டர் நீரில் கலக்குங்கள். நேரடியாக நீரில் போட்டால் எளிதில் கரையாது. பாதி நாற்றுகளுக்கு இதையும், மீதிக்கு அமிலமில்லாத அதே எத்தனால் நீரையும் ஊற்றுங்கள். முதல் இலையுறை விறுவிறுவென நீண்டால் அந்த மரபணுக்கள் இல்லை. அசையாமல் நின்றால் இருக்க வாய்ப்பு அதிகம். டிஎன்ஏ மார்க்கரால் (மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறியால்) உறுதிசெய்யுங்கள்.

இந்த இரு மரபணுக்களும் முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கும். ஆழமாக விதைத்தால் முளை மேலே வராது. ஆழ விதைப்பு தவிர்க்க முடியாத நிலத்துக்கு ஆர்எச்டி8 (2டி) என்ற இன்னொரு குட்டை மரபணு மேலானது. அது ஜிப்ரெல்லினுக்கு இணங்கும், உறையைச் சுருக்காது. மேலே சொன்ன சோதனையில் இது சிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

உயரம் மட்டும் போதாது. பூத்த பின், அடியிலிருந்து இரண்டாம் கணுவிடையை (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப் பகுதியை) வெட்டி, வெர்னியர் அளவியால் விட்டத்தையும் சுவர்த் தடிப்பையும் அளவிடுங்கள். தழைச்சத்து குறைந்த வயலில் எல்லா வரிசையும் நிமிர்ந்தே நிற்கும். அங்கே தேர்வு செய்வது வீண்.