பழைய ரத்தினக் கம்பளம் வாங்கப் போகிறீர்களா? டிசைனை விடுங்கள், சாயத்தைப் பாருங்கள்

புதுச்சேரியில் பழைய மரச்சாமான் கடைகளைச் சுற்றினால், ஏதாவதொரு தேக்கு அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்த கம்பளம் கண்ணில் படும், கடைக்காரரும் கூசாமல் "பெர்ஷியன் சார், நூறு வருஷம்" என்பார். நம் ஊரில் கிடைப்பது ஆக்ராவிலோ அமிர்தசரஸிலோ காஷ்மீரிலோ நெய்ததாகவும் இருக்கலாம். அதனால் ஒன்றும் மட்டமில்லை, விலைதான் வேறு.

முதலில் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கைமுடிச்சு என்றால் டிசைன் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும், முடிச்சுகள் முன்னே பின்னே இருக்கும், குஞ்சம் பாவு நூலின் (நீளவாட்டில் ஓடும் நூல்) தொடர்ச்சியாகவே வரும். பின்னால் துணி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் முடிச்சே போடாத சரக்கு, நகர்ந்துவிடலாம்.

சரி, இனி சாயம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, கம்பளி இழையை இரண்டு விரலால் பிளந்து அடிவரை பாருங்கள். நுனி சாம்பலாக வெளுத்து, அடியில் கண்ணைக் குத்தும் ரோஸோ ஊதாவோ இருந்தால் ஆரம்பகால ரசாயனச் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த கொஞ்ச காலத்திலேயே வந்த ஃபுக்ஸின் என்ற ரோஸ் சாயம் போன்றவை வெயிலுக்குத் தாங்காதவை. இயற்கைச் சாயமும் மங்கும், ஆனால் பெரும்பாலும் அதே நிறத்துக்குள்ளேயே மெல்ல இறங்கும்.

பச்சையை விடாமல் பாருங்கள். அவுரி நீலத்தில் முக்கி, அதன் மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை எடுத்தார்கள். மஞ்சள்தான் முதலில் போகும், அதனால் பழைய பச்சை நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். கரும்பழுப்பைக் கையால் தடவுங்கள். அந்த நிறத்துக்குச் சேர்த்த இரும்பு கம்பளியை அரிக்கும் என்பதால், சுற்றியிருக்கும் பூக்கள் மேடாகவும் அந்த இடம் மட்டும் பள்ளமாகவும் விரலுக்குத் தட்டுப்படும் (கத்தரித்தும் இப்படிச் செய்வார்கள், உஷார்).

ஈரான், துருக்கிக் கம்பளங்களின் சிவப்பு பெரும்பாலும் நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர், படிகாரத்தோடு சேர்த்து ஏற்றியது. அதிலுள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள்தான் ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரிலும் இருக்கிறது. செயற்கை அலிசரின் 1869இல் வந்தது, செயற்கை அவுரி நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. செடியில் இருக்கும் மூலக்கூறும் இதுவும் ஒன்றேதான் என்பதால், நீலத்தை மட்டும் பார்த்து "அசல் அவுரி" என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள், எல்லா நிறங்களையும் சேர்த்தே எடை போடுங்கள். ஒரே நீலம் பட்டை பட்டையாக வெளிறியும் அடர்ந்தும் வந்தால் குறையென்று விலை பேச வேண்டாம். வெவ்வேறு தொட்டியில் சாயமேற்றிய நூல் அது, பெயர் அப்ராஷ், எனக்கு அது இல்லாத கம்பளம் கொஞ்சம் சப்பென்றுதான் தெரியும்.

ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். சிவப்பு ஒட்டினால், துவைக்கும்போது வெள்ளையிலும் பாயும்.

அப்புறம் நம் ஈரப்பதம். மெதுவாக மடிக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் வந்தால் பருத்திப் பாவு இற்றுவிட்டது, எவ்வளவு அழகானாலும் வேண்டாம். வாங்கியதை மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணி சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பூசணம் பிடிக்கும். அவ்வப்போது விரித்துப் பின்பக்கத்தையும் தட்டினால் அந்துப்பூச்சி தங்காது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் ஒன்று: 100 ஆண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் தடை உண்டு.